திரை கறுத்தால் கணினி போய்விடவில்லை!

லீனக்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிராபிக்ஸ் டிரைவர் ஏன் முரண்டு பிடிக்கிறது? கணினியை அழிக்காமல் அதை எப்படி மீட்பது?

இரவு பத்தரை மணிக்கு அக்கா மகனிடமிருந்து போன். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். மறுநாள் காலை அவனுக்கு பிராஜெக்ட் ரிவ்யூ.

“மாமா, சிஸ்டம் போச்சு. அப்டேட் வந்துச்சு, போட்டேன். ரீஸ்டார்ட் ஆச்சு, லோகோ வந்துச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. கறுப்பாவே நிக்குது.”

“ஃபேன் ஓடுதா?”

“ஓடுது. கேப்ஸ் லாக் அழுத்தினா லைட்டும் எரியுது.”

“சரி, கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடிச்சுக்கிட்டு எஃப்3 அழுத்து.”

சற்று நேரம் சத்தமே இல்லை. “ஏதோ வெள்ளை எழுத்து வருது மாமா. லாகின் கேக்குது.”

“அப்ப உன் சிஸ்டம் நல்லாத்தான்டா இருக்கு. படம் காட்டறது மட்டும்தான் நின்னுபோச்சு.”

“பென்டிரைவ்ல வச்சு புதுசா இன்ஸ்டால் பண்ணிடட்டுமா? ஃபிரெண்டு அதைத்தான் சொல்றான்.”

“வேண்டாம். பென்டிரைவை எடுத்து உள்ள வை.”

அந்த நண்பன் சொன்னதைத்தான் பல வருடங்களுக்கு முன் நான் செய்தேன். திரை கறுத்தது, பயந்துபோனேன், விடிய விடிய உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். வேறெங்கும் பிரதி எடுத்து வைக்காத ஒரு வருடத்து நேர்காணல் ஒலிப்பதிவுகள் அதோடு போயின. பிறகுதான் புரிந்தது: அன்றைக்குத் தேவைப்பட்டது கணினியை ஒரு முறை பழைய கெர்னலில், அதாவது லீனக்ஸின் மையப் பகுதியின் முந்தைய பதிப்பில், எழுப்புவது மட்டும்தான். ஐந்து நிமிட வேலை. அந்த ஒலிப்பதிவுகளில் பேசிய இருவர் இன்று உயிரோடு இல்லை. இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அதுதான்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளைத் தூக்கிப் போட மனமில்லாதவர்களுக்கு லீனக்ஸ் நல்ல வழி. மின்ட், உபுண்டு, ஃபெடோரா என்று ஏதோ ஒரு லீனக்ஸ் டிஸ்ட்ரோவை நிறுவி, ‘அட, பறக்குதே!’ என்று மகிழ்ந்தவர்கள் பலர். சில வாரங்கள் கழித்து ஒரு அப்டேட் வரும். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியாக இருந்தால், அன்றைக்குத்தான் முதல் சோதனை.

தையற்காரர் எடுத்த அளவு

கிராபிக்ஸ் டிரைவர் என்பது ஒரே பொருள் அல்ல. அதன் ஒரு பாதி கெர்னலுக்குள் உட்கார்ந்து கார்டோடு நேரடியாகப் பேசும். அதற்கு மாட்யூல் என்று பெயர். மறுபாதி கெர்னலுக்கு வெளியே, ஓப்பன்ஜிஎல், வல்கன் என்ற நூலகங்களாக இருக்கும். பிளெண்டரோ பிரௌசரோ விளையாட்டோ ‘இதை வரைந்து கொடு’ என்று கேட்கும்போது அதை வாங்கி மாட்யூலிடம் சேர்ப்பது இந்த மறுபாதி. இவற்றுக்கு மேலே, ஜன்னல்களையெல்லாம் ஒன்றாக அடுக்கித் திரையில் வைக்கும் எக்ஸ்.ஆர்க் அல்லது வேலாண்ட். இந்த மூன்றில் எது பிசகினாலும் நமக்குத் தெரிவது ஒரே கறுப்புதான். அதனால்தான் கறுப்பைப் பார்த்து எது பிசகியது என்று சொல்ல முடிவதில்லை.

பெரும்பாலும் பிசகுவது மாட்யூல். லீனக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு முறை வெளியாகிறது. 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு விஷயத்தில் மிகக் கறாரானவர்: கெர்னல் மாறியதால் பயனரின் புரோகிராம் எதுவும் உடையக் கூடாது. ஆனால் கெர்னலின் உள்ளே, அதன் பாகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு அந்த வாக்குறுதி கிடையாது. ஒரு செயற்கூறின் பெயர் மாறலாம், அதற்குக் கொடுக்க வேண்டிய விவரங்கள் கூடலாம், அதுவே இல்லாமலும் போகலாம். இது கவனக்குறைவு அல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. கெர்னல் உருவாக்குநர்களில் முக்கியமானவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் இதற்கான காரணங்களை ஓர் ஆவணமாகவே எழுதியிருக்கிறார். கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே அது வருகிறது. பழைய தவறான வடிவமைப்பைக் காலமெல்லாம் சுமக்க மாட்டோம், உங்கள் டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே கொண்டுவந்து சேருங்கள் என்பது அதன் சாரம்.

உள்ளே சேர்ந்துவிட்ட டிரைவருக்கு ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. உள் இணைப்பு ஒன்றை மாற்றுபவர், அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் தானே திருத்தித் தர வேண்டும். இன்டெலின் ஐ915, ஏஎம்டியின் ஏஎம்டிஜிபியு ஆகியவை அப்படி உள்ளே இருப்பவை. என்விடியா தரும் டிரைவர் வெளியே இருப்பது. ஒரு குறிப்பிட்ட கெர்னலின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது. உடம்பு மாறினால் மறுபடி தைக்க வேண்டும்.

அந்தத் தையல் வேலையைத் தானாகச் செய்ய ஒரு கருவி இருக்கிறது, டிகேஎம்எஸ். டெல் நிறுவனம் 2003-ல் தன் கணினிகளின் டிரைவர் தொல்லையைத் தீர்க்க உருவாக்கியது. புதிய கெர்னல் நிறுவப்படும்போதெல்லாம் இது விழித்துக்கொண்டு, டிரைவரின் நிரலை எடுத்து, அந்தக் கெர்னலுக்கென்று புதிதாகக் கம்பைல் செய்து கொடுக்கும். அதற்கு இரண்டு பொருட்கள் வேண்டும்: அந்தக் கெர்னலுக்குரிய ஹெட்டர்ஸ் பேக்கேஜ், பொருத்தமான கம்பைலர். ஒன்று குறைந்தாலும் தையல் நின்றுவிடும். கொடுமை என்னவென்றால், ‘கட்டுமானம் தோல்வி’ என்ற அந்த ஒரு வரி அப்டேட்டின்போது ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடி மறையும். கிராபிக்கல் அப்டேட்டரில் அதுவும் கண்ணில் படாது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்கிறோம். புதிய கெர்னல் எழுகிறது, தனக்கென்று தைத்த மாட்யூலைத் தேடுகிறது. அது இல்லை.

‘அப்படியானால் கெர்னலோடு வரும் நுவோ டிரைவராவது ஓட வேண்டாமா?’ என்று கேட்கலாம். என்விடியா கார்டுகளுக்காகத் தன்னார்வலர்கள் 2005 வாக்கில் தொடங்கிய டிரைவர் அது. 2010-ல் வெளியான 2.6.33 கெர்னலில் சேர்ந்தது. ஆனால் என்விடியாவின் டிரைவரை நிறுவும்போதே, இரண்டும் மோதாமல் இருக்க நுவோவைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். புதியவர் வரவில்லை, பழையவருக்கு அனுமதி இல்லை. சில கணினிகளில் மங்கலான பெரிய எழுத்துகளோடு ஏதோ ஒரு திரை வரும். சிலவற்றில் அதுவும் வராது.

2024 ஜனவரியில் நடந்தது

இந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதற்கு உபுண்டு 22.04-ல் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது, 2022 ஏப்ரலில் 5.15 கெர்னலோடு வெளியானது. நிலையான பதிப்பு என்பதால்தான் பலரும் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் புதிய கணினிகளிலும் ஓட வேண்டும் என்பதற்காக, அதன் டெஸ்க்டாப் பயனர்களுக்கு அவ்வப்போது புதிய கெர்னல் தரப்படும். 2024 ஜனவரியில் அப்படி 6.2-லிருந்து 6.5-க்குத் தாவியது.

அந்த 6.5 கெர்னலைக் கம்பைல் செய்தது ஜிசிசி 12. உபுண்டு 22.04-ல் வழக்கமாக இருக்கும் கம்பைலரோ ஜிசிசி 11. நினைவகத்தில் குப்பை மதிப்புகள் தங்காமல், மாறிகளை முதலிலேயே சுழியாக்கிவிடும் ஒரு பாதுகாப்பு ஆப்ஷன் ஜிசிசி 12-ல் புதிதாக வந்திருந்தது. புதிய கெர்னல் அதைப் பயன்படுத்தியது. தன்னோடு சேரும் மாட்யூல்களும் அதே ஆப்ஷனோடு கம்பைல் ஆக வேண்டும் என்று குறித்தும் வைத்திருந்தது. டிகேஎம்எஸ் வேலையைத் தொடங்கி, கணினியில் இருந்த ஜிசிசி 11-ஐ அழைத்தபோது, ‘இப்படி ஓர் ஆப்ஷன் எனக்குத் தெரியாது’ என்று அது நின்றுவிட்டது. என்விடியா மட்டுமல்ல, டிகேஎம்எஸ் வழியாகக் கட்டப்படும் எந்த மாட்யூலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இதில் கார்டு பழுதில்லை. டிரைவரின் நிரல் தவறில்லை. கெர்னலும் சரிதான். நடுவே இருந்த கம்பைலரின் எண் ஒன்று குறைவு, அவ்வளவுதான். தீர்வு ஜிசிசி 12 பேக்கேஜை நிறுவி, மாட்யூலை மறுபடி கட்டச் சொல்வது. டிரைவரை எத்தனை முறை நீக்கி நிறுவியிருந்தாலும், கணினியையே புதிதாக நிறுவி அதே அப்டேட்டைப் போட்டிருந்தாலும், அதே இடத்தில்தான் வந்து நின்றிருக்கும். ஆனால் டிகேஎம்எஸ் தன் கட்டுமான முயற்சியை ஒரு லாக் கோப்பில் முழுவதுமாக எழுதி வைத்திருந்தது. எந்த ஆப்ஷன் தெரியவில்லை என்று அதன் கடைசிப் பகுதியில் ஒரு வரி. அதைப் படித்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

சில சமயம் படித்தாலும் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. 2020 அக்டோபரில் 5.9 கெர்னல் வெளியானபோது என்விடியாவின் டிரைவர் அதற்குத் தயாராக இல்லை. நவம்பர் நடுப்பகுதி வரை புதிய கெர்னலுக்கு மாற வேண்டாம் என்று அந்த நிறுவனமே பயனர்களைக் கேட்டுக்கொண்டது. அவசரப்பட்டு மாறியவர்களுக்கு அந்த ஒரு மாதமும் பழைய கெர்னல்தான் துணை.

ஒரு நெடிய பகையின் கதை

என்விடியாவுக்கும் லீனக்ஸ் உலகத்துக்கும் இருந்த கசப்பு ஊரறிந்தது. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த உரையாடலில் பார்வையாளர் ஒருவர், இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் கொண்ட தன் லேப்டாப்புக்கு என்விடியா உதவாததைப் பற்றிக் கேட்டார். வன்பொருள் நிறுவனங்களில் தங்களுக்கு மிக மோசமான அனுபவம் தந்தது அதுதான் என்று டோர்வால்ட்ஸ் பதில் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் கேமராவைப் பார்த்து நடுவிரலையும் காட்டினார். அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. அந்தச் சைகையை நான் ரசிக்கவில்லை. ஆனால் அதன் பின்னால் இருந்த கோபம் நியாயமானது: கார்டைப் பற்றிய விவரங்களைத் தராமல், டிரைவரின் நிரலையும் காட்டாமல் ஒரு நிறுவனம் இருந்தால், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதற்கு நேர்மாறான பாதையை ஏஎம்டி எடுத்தது. 2006-ல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கியது. மறு ஆண்டே கார்டுகளின் ஆவணங்களை வெளியிட முன்வந்தது. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் என்ற அதன் மூடிய டிரைவர் பல ஆண்டுகள் மக்களைப் படுத்தியது. 2016-ல் உபுண்டு 16.04 வந்தபோது, புதிய எக்ஸ் சர்வரோடு அது ஒத்துப்போகாததால் அந்த டிரைவரையே கைவிட்டார்கள். அதை நம்பியிருந்த பலருக்கு அன்று திரை கறுத்தது. ஆனால் 2015-லேயே 4.2 கெர்னலில் ஏஎம்டிஜிபியு என்ற திறந்த டிரைவர் சேர்ந்திருந்தது. இன்று ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர் டிரைவர் என்று தனியாக எதையும் நிறுவுவதில்லை. அவருக்குத் தொல்லையே வராது என்று சொல்ல மாட்டேன். கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகள் கெர்னலைவிடப் பழையதாக இருந்தாலோ, புதிய கெர்னலில் ஏதாவது பிழை நுழைந்தாலோ அவருக்கும் திரை மினுக்கும், கறுக்கும். ஆனால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டும் அவருக்கு ஒரு கண்டம் அல்ல.

என்விடியாவும் பின்னாளில் கொஞ்சம் இறங்கி வந்தது. 2022 மே மாதம் தன் கெர்னல் மாட்யூல்களின் நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2018-ல் வந்த டூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் மட்டுமே அதில் அடக்கம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ‘இப்போது என்விடியா ஓப்பன் ஆகிவிட்டதே, இனிப் பிரச்சினை இல்லையே?’ என்று பலர் கேட்கிறார்கள். நிரல் திறந்திருப்பது வேறு, கெர்னலுக்குள் இருப்பது வேறு. அந்த மாட்யூல்கள் இன்றும் கெர்னலுக்கு வெளியேதான் இருக்கின்றன. எனவே ஒவ்வொரு கெர்னலுக்கும் தைத்தே ஆக வேண்டும். உண்மையாகவே உள்ளே இருக்கப்போகும் டிரைவர் நோவா என்ற பெயரில், ரஸ்ட் மொழியில் உருவாகி வருகிறது. அதன் தொடக்கப் பகுதி 2025-ல் வெளியான 6.15 கெர்னலில் சேர்ந்தது. நுவோவின் இடத்தை அது முழுமையாகப் பிடிக்கும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

கறுப்புக்குள் வெளிச்சம்

இனி, உங்கள் திரை கறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. கேப்ஸ் லாக்கை அழுத்த அழுத்த அதன் விளக்கு அணைந்து எரிந்தால் கெர்னல் ஓடுகிறது. அடுத்து, என் அக்கா மகனிடம் சொன்ன மூன்று விசைகள். எழுத்துத் திரை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அதுவும் வராவிட்டால் பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்தி அணைத்துவிட்டு, மறுபடி போடும்போது எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய பயாஸ் கணினியாக இருந்தால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் போனால் முந்தைய கெர்னல் இன்னும் அங்கே இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். நேற்று வரை ஓடிய மாட்யூல் பெரும்பாலும் அதனோடு அப்படியே இருக்கும் என்பதால் திரை வந்துவிடும். உபுண்டு முந்தைய கெர்னலை விட்டுவைக்கும். ஃபெடோரா வழக்கமாக மூன்று வைத்திருக்கும். ஆர்ச் லீனக்ஸ் ஒன்றுதான் வைத்திருக்கும். அதனால் ஆர்ச் பயனர்கள் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுக் கெர்னலையும் கூடவே நிறுவி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

பழைய கெர்னலிலும் வரவில்லையா? அதே பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி, லீனக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து எழுப்பலாம். கார்டின் முழு வலிமையையும் விட்டுவிட்டு வெறும் படம் மட்டும் காட்டு என்பது அதன் பொருள். ஒரு முறைக்கு மட்டும் செல்லும் மருந்து இது. சிலர் இதை நிரந்தரமாகப் போட்டு வைத்துவிட்டு, கணினி ஏன் மாட்டு வண்டியாகப் போகிறது என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே போய்விட்ட பிறகு அவசரப்பட்டு எதையும் நீக்காதீர்கள். முதலில் கேளுங்கள். எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையோடு ஒரு சிறு கோடும் ‘கே’ எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால், கிராபிக்ஸ் கார்டின் பெயரும் அதற்குக் கீழே எந்த டிரைவர் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் வரும். அந்த வரியே இல்லையென்றால் யாரும் கார்டைப் பிடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று கேட்டால் எந்தெந்தக் கெர்னலுக்கு மாட்யூல் தைத்திருக்கிறது என்று சொல்லும். புதிய கெர்னலின் எண் அதில் இல்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஜர்னல்சிடிஎல் என்ற கருவியிடம், தோற்றுப்போன முந்தைய பூட்டின் பதிவைக் கேட்டு வாங்கலாம். நீளமாகத்தான் இருக்கும். என்விடியா, டிஆர்எம், ஏஎம்டிஜிபியு என்ற சொற்கள் வரும் வரிகளை மட்டும் பாருங்கள். போதும்.

அக்கா மகனின் லேப்டாப்பில் புதிய கெர்னலுக்கான ஹெட்டர்ஸ் பேக்கேஜ் வந்திருக்கவில்லை. ஆனால் அதை அன்றிரவு நாங்கள் தேடவே இல்லை. பழைய கெர்னலில் எழுப்பி, அவன் பிராஜெக்ட்டை முடித்து, மறுநாள் ரிவ்யூவுக்குப் போய் வந்த பிறகுதான் உட்கார்ந்தோம். ஹெட்டர்ஸை நிறுவினோம், டிகேஎம்எஸ் தானாக மாட்யூலைக் கட்டியது, ரீஸ்டார்ட் செய்தான்.

ஏமாற்றும் அறிகுறிகள் சில உண்டு. மாட்யூல் சரியாகக் கட்டப்பட்டிருக்கும், ஆனாலும் ஏறாது. அப்போது செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். கையெழுத்து இல்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. டிரைவரை நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து, உங்கள் கணினிக்கென்று உருவான சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். சில வினாடிகள்தான் காத்திருக்கும். அது என்னவென்று தெரியாமல் ‘கன்டின்யூ’ கொடுத்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். மோக்யூடில் என்ற கருவியால் அந்தப் பதிவை மறுபடி தொடங்கலாம். செக்யூர் பூட்டையே அணைத்துவிடுங்கள் என்பது பலர் சொல்லும் குறுக்குவழி. வேறு வழி இருக்கும்போது பாதுகாப்பைக் கழற்றுவது எனக்குச் சம்மதமில்லை. உபுண்டுவில் ஏற்கெனவே கட்டி, கையெழுத்திட்டே தரும் என்விடியா மாட்யூல் பேக்கேஜ்கள் இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்தால் தையலும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.

இன்னொன்று, பழைய எக்ஸ்.ஆர்க் கான்ஃபிக் கோப்பு. ஒரு காலத்தில் திரையின் அளவு முதல் மவுஸ் வரை எல்லாவற்றையும் அதில் கையால் எழுத வேண்டியிருந்தது. இப்போது எக்ஸ் சர்வர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்; பெரும்பாலோருக்கு அந்தக் கோப்பே தேவையில்லை. ஆனால் என்றைக்கோ யாரோ சொல்லி உருவாக்கிய கோப்பு அங்கேயே கிடந்து, இல்லாத டிரைவரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். எக்ஸ் அதை நம்பித் தேடிவிட்டு ‘திரை எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் படுத்துவிடும். கோப்பை அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள்.

திரை வருகிறது, ஆனால் எல்லாம் ஆமை வேகம், ஃபேன் மட்டும் அலறுகிறது என்றால், படங்களைக் கார்டு வரையவில்லை, சிபியூ வரைகிறது. சிஸ்டம் விவரத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் அதுதான். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை பதிப்பு எண்கள் பொருந்தவில்லை என்று சொன்னால் பதற வேண்டாம். நூலகங்கள் புதிதாகிவிட்டன, பழைய மாட்யூல் இன்னும் நினைவகத்தில் ஓடுகிறது. ஒரு ரீஸ்டார்ட் போதும். ‘நான் அப்டேட்டே போடலையே’ என்று சொல்பவர்களும் பொய் சொல்வதில்லை. உபுண்டு, கெர்னல் உட்பட பாதுகாப்பு அப்டேட்டுகளைக் கேட்காமலே பின்னணியில் நிறுவும்.

எங்கிருந்தோ கண்டெடுத்த கட்டளைகளை சுடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இரட்டைச் சிப் லேப்டாப்களுக்காக 2011-ல் பம்பிள்பீ என்றொரு திட்டம் வந்தது. நல்ல நோக்கம், திறமையான உழைப்பு. ஆனால் அதன் நிறுவல் ஸ்கிரிப்ட்டில், ஒரு கோப்புறையை அழிக்கும் கட்டளையின் நடுவே, யுஎஸ்ஆர் என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. உள்ளே ஆழத்தில் இருந்த சிறிய கோப்புறைக்குப் பதிலாக, கணினியின் மென்பொருட்கள் அத்தனையும் இருக்கும் யுஎஸ்ஆர் கோப்புறையையே அழிக்கும் கட்டளையாக அது ஆகிவிட்டது. எழுதியவர்களுக்கே கண்ணில் படாத ஓர் இடைவெளி. பதற்றத்தில் நள்ளிரவில் எதையோ ஒட்டிக்கொண்டிருக்கும் நமக்கு எப்படிப் படும்? என்விடியாவின் தளத்திலிருந்து ‘ரன்’ கோப்பை இறக்கி நேரடியாக ஓட்டுவதையும் தவிருங்கள். டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாமல் அது கோப்புகளை எழுதும். அடுத்த அப்டேட்டில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மோதும். டிரைவர் எப்போதும் உங்கள் டிஸ்ட்ரோவின் வழியாகவே வரட்டும்.

பழைய கார்டுகளுக்கு என்ன வழி?

விண்டோஸிலிருந்து தப்பி வந்த பழைய கணினிகளுக்கு வருகிறேன். 2016-ல் வெளியான ஜிடிஎக்ஸ் 1060-ம், அதன் பாஸ்கல் தலைமுறைச் சகோதரர்களும் இன்றும் நன்றாக உழைக்கும் கார்டுகள். ஆனால் அவற்றுக்கும் அவற்றுக்கு முந்தைய மேக்ஸ்வெல் தலைமுறைக்கும் ஆதரவு தரும் என்விடியாவின் கடைசி டிரைவர் கிளை 580. அதற்கடுத்த 590-ல் அவை இல்லை. 2025 டிசம்பரில் ஆர்ச் லீனக்ஸ் தன் என்விடியா பேக்கேஜை 590-க்கு மாற்றியது. வழக்கம்போல அப்டேட் போட்ட பாஸ்கல் கார்டுக்காரர்களுக்கு, எந்தத் தவறும் செய்யாமலே திரை போகும் நிலை. ஆர்ச் அதைப் பற்றி அறிவிப்பு தந்தது. 580 கிளைக்கு மாறிக்கொள்ளவும் வழி சொன்னது. அறிவிப்பைப் படிக்கும் பழக்கமுள்ளவர்கள் தப்பினார்கள்.

இதற்கு முன்பும் இதே நடந்திருக்கிறது. கெப்ளர் கார்டுகள் 470-ஓடும், ஃபெர்மி கார்டுகள் 390-ஓடும் நின்றுபோயின. கார்டில் மின்சாரம் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, சிப் பழுதில்லை, ஆனாலும் அது குப்பை என்கிறது ஒரு பதிப்பு எண். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஆதரவை நிறுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்றால், அந்த நாளிலேனும் கார்டின் முழு விவரங்களையும் மக்களிடம் கொடுத்துவிட்டுப் போகும் கடமையும் உண்டு. பழைய ஏஎம்டி கார்டுகள் பல இன்றும் புதிய கெர்னல்களில் ஓடுவதற்குக் காரணம், அவற்றின் டிரைவர் யாரும் தொட்டுத் திருத்தக்கூடிய இடத்தில் இருப்பதுதான்.

பாஸ்கல் கார்டு வைத்திருப்பவர்கள் வேகமாக ஓடும் டிஸ்ட்ரோக்களைத் தவிர்த்து, நிதானமானதில் இருப்பது நல்லது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, என்விடியாவின் 550 கிளையோடு நிற்கிறது; அதில் பாஸ்கல் ஓடும். உபுண்டுவிலும் மின்டிலும் டிரைவர் மேனேஜரில் எண்ணைப் பார்த்து, 580-ஐத் தாண்டாததைத் தேர்ந்தெடுங்கள்.

லீனக்ஸுக்கென்றே புதிதாகக் கணினி வாங்கப் போகிறவர் என்னிடம் கேட்டால், இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் வாங்குங்கள் என்பதுதான் என் பதில். என்விடியாவின் கணிப்புத் தளமான ‘கூடா’ (CUDA) வேண்டும், செயற்கை நுண்ணறிவு வேலை செய்ய வேண்டும் என்றால் என்விடியாவைத் தவிர்ப்பது கடினம். அப்போது டூரிங்குக்குப் பிந்தைய கார்டாகவும், நீண்டகால ஆதரவு உள்ள டிஸ்ட்ரோவாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். டைம்ஷிஃப்ட் போன்ற கருவியில் அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். அது சிஸ்டத்தைத்தான் காக்கும். உங்கள் கோப்புகளுக்குத் தனியாக வேறு டிஸ்க்கில் பிரதி வேண்டும். பரீட்சைக்கு முந்தைய இரவும், அச்சுக்குப் போகும் நாளும் அப்டேட்டுக்கு உகந்த நாட்கள் அல்ல.

இன்றைக்கு உங்கள் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா? கார்டின் பெயர், ஓடும் கெர்னலின் எண், டிரைவரின் எண், பழைய கெர்னலுக்குப் போகும் விசை, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மேஜை டிராயரில் போட்டு வையுங்கள். திரை கறுத்த இரவில் யாரிடமாவது உதவி கேட்டால், அவர்கள் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த விவரங்களைத்தான்.